எட்கர் தர்ஸ்டனும் கண்ணாடிக் கடலும்

கடலைக் காண விரும்பாதார் இலர். ஆயின், கடலுள் வாழ்வனவற்றை அவை வாழும் நிலையிலேயே கண்டவர் மிகச் சிலர். அலையின் மேற்புறத்தைக் காண்கிறோம்; வலையில் ஏறித் துடிக்கும் மீனைக் காண்கிறோம்; சந்தையில் விலை போகும் நண்டைக் காண்கிறோம். அவை நீருள் எவ்வாறு நீந்தும், எவ்வாறு இரை தேடும், எவ்வாறு ஒளிந்து வாழும் என்பதை நாம் அறியோம். இவ்வறியாமையைப் போக்க எழுந்ததே கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிறைத்து உயிர்களை வளர்க்கும் கலையாகும். நம் சென்னை மாநகரின் மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே அத்தகைய உவர்நீர் மீன்சாலை ஒன்று அமைந்தது. அதற்கு வித்திட்டவர் எட்கர் தர்ஸ்டன் என்பார். தென்னிந்தியாவின் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு பெருந்தொகுதிகளின் ஆசிரியர் என்ற அளவில் தமிழ் பயில்வோர் அவரை நன்கறிவர். கடலைக் கரைக்குக் கொணர முயன்றவர் என அறிவார் அரியர்.

யானும் அவரை நூலாசிரியராக மட்டுமே அறிந்திருந்தேன். சென்ற கோடை விடுமுறையிற் பழவேற்காட்டில் நிகழ்ந்ததொரு சிறு தோல்வியே அவரது மற்றொரு முகத்தை எனக்குக் காட்டிற்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என் தாய்மாமன், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியொன்றை எனக்குச் செய்து கொடுத்தார். ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும் அத்தொட்டியில், முகத்துவாரத்து நீரை நிறைத்து, அன்றே ஒரு நண்டையும், ஒரு பேத்தை மீனையும், மூன்று மடவைக் குஞ்சுகளையும் விட்டேன். மறுநாள் மடவைகளில் ஒன்றை நண்டு தின்றிருந்தது. மூன்றாம் நாள் நீர் பால் போல் வெளுத்தது. நான்காம் நாள் உயிருடன் எஞ்சியது எதுவுமில்லை. என் பாட்டியார் அத்தொட்டியை நோக்கிவிட்டு, கடலில் இருந்ததைக் கொண்டுவந்து கொன்றுவிட்டாயே என்று வருந்தினார். அச்சொல் என்னைச் சுட்டது. இக்கலையில் முன்னோர் எவ்வாறு வென்றனர் என்று தேடப் புகுந்தேன். அத்தேடலில் எதிர்ப்பட்டவரே தர்ஸ்டன்.

அவர் இலண்டனை அடுத்த கியூ என்னும் ஊரினர். 1855ஆம் ஆண்டிற் பிறந்தார். ஈட்டன் பள்ளியிற் கற்றபின், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1877ஆம் ஆண்டில் மருத்துவராகத் தேர்ந்தார். கெண்ட் மாவட்டத்து மனநோயாளர் மருத்துவமனையில் சிறிது காலம் பணியாற்றினார். தாம் பயின்ற கல்லூரியின் காட்சிச்சாலைக்குக் காப்பாளராகவும் இருந்தார். மருத்துவம் கற்றவர் மருந்தை விடுத்துக் காட்சிச்சாலையை நாடியது அக்காலத்திற்குப் புதிதன்று. உடற்கூறு கற்றவரே உயிர்நூல் வல்லாராகவும் விளங்கினர்.

1885ஆம் ஆண்டிற் சென்னை அரசினர் பொருட்காட்சிச்சாலைக்கு அவர் தலைவராய் வந்து சேர்ந்தார். அச்சாலை 1851ஆம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் தொடங்கப்பெற்றுப் பின்னர் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. அங்கே ஒரு சிறு விலங்குக்கூடமும் இருந்தது. அது பெருகவே மக்கள் பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. சென்னை மக்கள் இவ்விரண்டிற்கும் தாமே பெயரிட்டுக்கொண்டனர். பதப்படுத்திய விலங்குகளும் எலும்புகளும் உள்ள எழும்பூர்ச் சாலை செத்த காலேஜ் ஆயிற்று. உயிருள்ள விலங்குகள் திரியும் இடம் உயிர்க் காலேஜ் ஆயிற்று. படியாத மக்கள் வைத்த பெயரேயாயினும் அதில் நுண்ணியதோர் அறிவு உண்டு. இறந்ததைக் காப்பது ஒரு கலை. உயிருள்ளதைக் காப்பது வேறொரு கலை. தர்ஸ்டன் தலைமை பூண்டது செத்த காலேஜுக்கே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவர் நாற்காலியில் அமர்ந்தே காலங்கழித்தவரல்லர். பதவியேற்ற சில ஆண்டுகளிலேயே இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் சென்று மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளையும், முத்துச் சிப்பிகளையும், சங்குகளையும், மீன் வகைகளையும் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சிக் குறிப்புகள் 1890ஆம் ஆண்டில் நூலாயின. 1894ஆம் ஆண்டு முதல் காட்சிச்சாலையின் சார்பில் ஆய்விதழ்களை வெளியிடத் தொடங்கினார். அவற்றுள் முதலாவது முத்துக் குளித்தலையும் சங்கு குளித்தலையும் பற்றியது. பின்னொன்று இராமேசுவரத் தீவையும் வளைகுடா உயிர்களையும் பற்றியது. அவர் திரட்டிய நண்டினங்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உயிர்நூற் பேராசிரியராய் இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் கையிற் சேர்ந்து, 1893ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய நண்டினங்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவின. 1908ஆம் ஆண்டில் லாயிட் என்னும் அறிஞர் கொம்புத் திருக்கை வகையொன்றிற்குத் தர்ஸ்டனின் பெயரையே இட்டார். இன்றும் உலகெங்கும் அம்மீன் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் இவ்வுயிர்களெல்லாம் எழும்பூருக்கு வந்தபோது உயிருடன் வரவில்லை. சாராயத்தில் ஊறிய மீன் நிறம் இழக்கும். உலர்ந்த பவளம் வெண்கல்லாகும். கடற்சாமந்தியோ உருவும் அழிந்து சுருங்கிப் போகும். இராமேசுவரத்துப் பாறையிடையே கண்ட வண்ணங்களை எழும்பூரின் கண்ணாடிக் குடுவையிற் காட்ட எவராலும் இயலாது. கடலின் அழகைச் சென்னை மக்கள் காணவேண்டுமாயின் அதனை உயிருடனேயே காட்டல் வேண்டும்.

இவ்வகை முயற்சி மேல்நாட்டில் முன்னரே தோன்றியிருந்தது. 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் பெருமாட்டி கற்பவளங்களைக் கடற்கரையினின்று இலண்டன் நகருக்குக் கொணர்ந்தார். சன்னலருகே கடல்நீரைக் கலத்திலிருந்து கலத்திற்கு ஊற்றி ஊற்றி, காற்றுக் கலக்கச் செய்து, அவற்றை வாழவைத்தார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குத் தோட்டத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறுவருடம் பிலிப் ஹென்றி காஸ் என்பார் கடல்நீர்த் தொட்டி அமைக்கும் முறையை நூலாக எழுதி, அக்வேரியம் என்ற பெயரை நிலைநாட்டினார். அந்நூலைக் கற்ற பலர் கடற்கரைக்கு விரைந்தனர். கூடையும் உளியுமாகச் சென்றவர்கள் பாறைச் சுனைகளை வெறுமையாக்கினர். தந்தையார் போற்றிய கரை அவர் நூலாலேயே பாழாயிற்றென்று காஸின் மகனார் பிற்காலத்தில் எழுதி வருந்தினார். கடலை விரும்புவார் கடலுக்குக் கேடும் ஆகக்கூடும் என்பதை அன்றே உலகம் கண்டது.

தர்ஸ்டன் சென்னையிற் கடல்நீர் மீன்சாலை வேண்டுமெனக் கருதித் திட்டம் வகுத்தார். அவர் திட்டத்தை ஒட்டியே மெரினாவிற் சாலை எழுந்தது. ஆயின், அது திறக்கப்படுமுன்பே, 1908ஆம் ஆண்டில் அவர் தம் பதவியினின்று ஓய்வு பெற்றார். 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மக்களுக்காக அதன் கதவு திறந்தபோது, அச்சாலையின் தலைவராய் நிற்கும் பேறு அவருக்கு இல்லை. மக்களை நெடுந்தொலை நடத்திவந்த மோசே நேபோ மலையோடு நின்றுவிட்ட வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. தர்ஸ்டனுக்குப் பின் பொருட்காட்சிச்சாலைக்குத் தலைவராய் வந்தவர் நாம் மேலே குறித்த ஹெண்டர்சன் ஆவார். துறவி நண்டுகளையும் அவற்றின் இனத்தையும் பற்றி 1888ஆம் ஆண்டிலேயே பேராராய்ச்சி வெளியிட்ட அவ்வறிஞர், கிறித்தவக் கல்லூரி வகுப்பறையினின்று அப்பதவிக்குச் சென்றவர் என்பது கல்லூரி மாணவராகிய நமக்கு உவகை தருவதாகும்.

கடல்நீரில் உயிரைக் காப்பது எத்துணை அரிதென்பதை அறிந்தாலன்றி இச்செயலின் அருமை விளங்காது. ஆதலின், என் தோல்விக்குப் பின் நூல்களைக் கற்றும், பழவேற்காட்டு மீனவப் பெரியோரைக் கேட்டும் யான் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது நீர். தூய கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. பழவேற்காட்டு ஏரியிலோ ஆரணியாறும் காளங்கியாறும் வந்து கலத்தலின் மழைக்காலத்தில் உவர்ப்புக் குறையும்; கோடையில் மிகும். முகத்துவாரத்து நீரை அளவறியாது முகந்தது என் முதற் பிழை. கரையினின்று விலகிப் படகிற் சென்று, சேறும் எண்ணெயும் கலவாத இடத்தில் நீர் எடுத்தல் வேண்டும். அதனைத் துணியில் வடித்து, மூடிய கலத்தில் இருளான இடத்திற் சில நாள் தெளியவைத்தல் நன்று. செம்புப் பாத்திரத்தை அருகிற் கொணர்தலும் ஆகாது. நீரிற் கரையும் சிறிதளவு செம்பே இறாலையும் நண்டையும் கொல்லும்.

இரண்டாவது காத்திருத்தல். மீனின் கழிவினின்றும் எஞ்சிய இரையினின்றும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கும். அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உள. அவை மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்கு முன் மீன்களை நிறைய விடுவோர், வீடு கட்டி முடியுமுன் விருந்தினரை அழைப்பவராவர். பால் போல் வெளுத்த என் தொட்டியின் குற்றம் இதுவே.

மூன்றாவது காற்றும் வெப்பமும். நீர் சூடேறினால் அதிற் கரையும் உயிர்வளி குறையும். நம் நாட்டுக் கோடையில் வெயில் படாத இடத்திலே தொட்டியை வைத்து, சிறு பொறியாற் காற்றை இடையறாது செலுத்தல் வேண்டும். நான்காவது நீர்மட்டம். ஆவியாகச் செல்வது நீர் மட்டுமே, உப்புச் செல்வதில்லை. ஆதலின் கண்ணாடியிற் கோடிட்டுவைத்து, குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றல் வேண்டும். கடல்நீரையே மேலும் மேலும் ஊற்றினால் உவர்ப்பு மிகுந்து உயிர்கள் மடியும். இரு வாரத்திற்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, தெளிந்த கடல்நீரை நிரப்புதல் நலம்.

ஐந்தாவது குடியேற்றம். ஒரே தொட்டியில் வாழத்தக்கவை எவை, ஒன்றையொன்று தின்பவை எவை என அறிதல் வேண்டும். களவா தன் வாயிற் கொள்ளும் மீனை விடாது. பேத்தை அஞ்சினால் நீரில் நஞ்சு கலத்தலும் உண்டு. பெரிய நண்டு எதனோடும் ஒத்து வாழாது. 55 லிட்டர்த் தொட்டிக்கு இரண்டு மூன்று சிறு மீன்களும், ஓரிரு துறவி நண்டுகளும், சில சிறு இறால்களுமே போதும். அவற்றையும் ஒரே நாளில் விடாது, வாரத்திற்கு ஒன்றாக விடுதல் வேண்டும்.

இவையனைத்திற்கும் அடிப்படையானது ஒன்றே. உயிருள்ளதை நம் விருப்பத்திற்கு வளைக்க இயலாது. அதன் வாழ்வு எதை வேண்டுகிறதோ அதற்கு நாமே வளைதல் வேண்டும். இவ்வுண்மையைத் தர்ஸ்டனின் வாழ்வோடு ஒப்பிடுங்கால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன.

ஏனெனில், கடல் உயிர்களை ஆராய்ந்த அவர் கை, 1894ஆம் ஆண்டு முதற்கொண்டு மனிதரையும் அளக்கத் தொடங்கிற்று. மூக்கின் அகலம், தலையின் நீளம், உடலின் உயரம் ஆகியவற்றைக் கருவிகொண்டு அளந்து, குலங்களை வகைப்படுத்த அவர் முயன்றார். காட்சிச்சாலைக்கு வந்தோரையும் அளந்தார். மலைகளுக்குச் சென்று ஆங்கு வாழ்வாரையும் அளந்தார். காவல் துறையினருக்கும் அம்முறையைக் கற்பித்தார். 1901ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் இனவரைவுப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. க. ரங்காச்சாரியாரின் துணையோடு அவர் இயற்றிய ஏழு தொகுதிகளும் 1909ஆம் ஆண்டில், மீன்சாலை திறந்த அதே ஆண்டில், வெளிவந்தன. முந்நூற்றுக்கு மேற்பட்ட குலங்களின் வழக்கங்களைத் திரட்டிய அந்நூல் இன்றும் ஆராய்வார்க்குக் கருவூலமாய் உள்ளது. ஆயின், மூக்கை அளந்து குலத்தின் உயர்வு தாழ்வைக் காணலாம் என்ற அக்காலக் கொள்கை பொய்யென்று அறிவியலாற் பின்னர்த் தள்ளப்பட்டது.

அளக்கப்பட்டவர்கள் அவரை எவ்வாறு கண்டனர் என்பதை அவரே தம் நூலிற் பதிந்துவைத்துள்ளார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்டிர் அவரைக் கண்டதும் ஓடி ஒளிந்தனராம். தம்முள் அழகிற் சிறந்தாரைப் பதப்படுத்திக் காட்சிச்சாலையில் நிறுத்தவே அவர் வந்துள்ளாரென்று அவர்கள் அஞ்சினராம். நீலகிரியில் இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்றெண்ணி அருகணைய மறுத்தாராம். தர்ஸ்டன் இவற்றை நகைச்சுவையாகவே எழுதினார். அப்பெண்டிர் அஞ்சியவாறு செய்ய இயலுமாயின் உருவங்கள் அமைக்கும் தொல்லை தீர்ந்துவிடும் என்ற பொருள்பட வேடிக்கையும் சேர்த்தார். இன்று அதனைப் படிக்கும் நமக்கு நகை தோன்றவில்லை. அம்மலைமக்கள் நூல் கற்றவரல்லர். ஆயினும் செத்த காலேஜின் இயல்பை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். தம்மை உயிராகக் காணாது பொருளாகக் கண்ட பார்வையை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர்.

ஒருவரே மீனை உயிருடன் காட்ட வழி வகுத்தார். அவரே மனிதரைக் குடுவையிலிட்ட மீன்போல் வரிசைப்படுத்தினார். இவ்விரண்டில் ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. சென்னைக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. 1896ஆம் ஆண்டிற் கன்னிமாரா நூல்நிலையம் திறக்கப்பட்டதும், காட்சிச்சாலை பல துறைகளில் விரிந்ததும் அவர் காலத்திலேயே. அவர் உழைப்பை மதிப்போம். அவர் பிழையினின்று கற்போம். இரண்டும் நமக்குக் கடனாகும்.

ஓய்வு பெற்றபின் அவர் இங்கிலாந்தின் மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் நாட்டிற் குடியமர்ந்தார். தென்னிந்திய மக்களின் நிமித்த நம்பிக்கைகள் பற்றி 1912ஆம் ஆண்டிலும், சென்னை மாகாணத்தின் நிலஇயல் பற்றி 1913ஆம் ஆண்டிலும் நூல்கள் எழுதினார். பின்னர், அந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்வதிலே முதுமையைக் கழித்து, 1935ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பென்சான்சு என்னும் கடற்கரை ஊரில் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது எண்பது.

அவர் வித்திட்ட மீன்சாலை 1919ஆம் ஆண்டில் மீன்வளத் துறையின் பொறுப்பிற்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போர் சென்னைக் கரையை அச்சுறுத்திய 1942ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. இன்று மெரினாவில் உலாவுவார் அக்கட்டிடத்தைக் காணார். செத்த காலேஜ் இன்றும் எழும்பூரில் நிற்கிறது. கண்ணாடிக் கடலோ மறைந்துவிட்டது. இறந்ததைக் காப்பதினும் உயிருள்ளதைக் காப்பது அரிது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, தொட்டி அமைக்க விரும்பும் தோழர்க்கு ஒரு சொல். தர்ஸ்டன் காலத்திற் பாறையினின்று எதனையும் பெயர்த்தெடுக்கத் தடையில்லை. இன்று அந்நிலை மாறியுள்ளது. அவர் ஆராய்ந்த மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986ஆம் ஆண்டிற் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளங்களும், கடற்குதிரைகளும், சில சங்கு சிப்பி வகைகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன; அவற்றை எடுத்தல் குற்றமாகும். காஸின் நூலைக் கற்றவர் இங்கிலாந்தின் கரையை வெறுமையாக்கியதை நாம் பழவேற்காட்டில் மீண்டும் செய்தல் ஆகாது. வலையிற் சிக்கி வீசியெறியப்படும் சிற்றுயிர்களே ஒரு சிறு தொட்டிக்குப் போதும்.

விடுமுறையின் முடிவில் என் தொட்டியை மீண்டும் அமைத்தேன். இம்முறை ஐந்து வாரம் வெறும் நீரும் மணலும் கல்லுமே அதில் இருந்தன. அண்டை வீட்டுச் சிறுவர் மீன் எங்கே என்று கேட்டு நகைத்தனர். ஆறாம் வாரத்தில் மீனவப் பெரியவர் ஒருவர் தம் வலையின் மூலையில் ஒட்டியிருந்த துறவி நண்டொன்றைக் கொடுத்தார். அது மூன்று நாள் தன் ஓட்டினுள்ளேயே அடங்கியிருந்தது. நான்காம் நாள் காலையில் மெல்லக் கால்களை நீட்டி, மணலிற் கோடிட்டுக்கொண்டு நடந்தது. என் பாட்டியார் அதனருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார். கல்லூரிக்குத் திரும்பும் நாளில், அதனைக் காக்கும் பொறுப்பையும், கண்ணாடியில் இட்ட கோட்டளவிற்கு நன்னீர் ஊற்றும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். அது இன்றும் வாழ்கிறது என்பதே அவர் எனக்குத் தொலைபேசியிற் கூறும் முதற் செய்தி.